நம்ம வீட்டு விதை, நம்ம வீட்டுச் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்கள் வீடு. வீட்டைச் சுற்றி 12 சென்ட் கரிசல் மண். மாமியார், வீட்டுக்காரர், நான், இரண்டு பிள்ளைகள். 9 வருஷமாகக் காய்கறிக்கும் பயறுக்கும் சொந்த விதைதான். வீட்டுக்கு வருகிறவர்களும் பொள்ளாச்சிப் பக்கத்து உறவுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் முறையாக விதை எடுக்கப் போகிறோம். எதில் தொடங்கலாம்?

தட்டைப்பயறில் தொடங்குங்கள். அதன் பூவில் மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் உள்ளுக்குள்ளேயே முடிந்துவிடும். பக்கத்து வேலியில் வேறு ரகம் ஓடினாலும் நம் ரகம் பெரிதாக மாறாது. காய் கொடியிலேயே காயட்டும். ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும்போது பறித்து, உரித்து, காயவைத்தால் போதும். பிஞ்சில் பொரியல், முற்றினால் உரித்துக் குழம்பு, காய்ந்ததும் சுண்டல், எடுத்து வைத்தது விதை. ஒரே கொடி ஒரு வீட்டுக்கு இத்தனையும் தரும்.

அடுத்து வெண்டை, தக்காளி, சிவப்புத் தண்டுக்கீரை. அரசாணி (பரங்கிக்காய்), சுரை, வெள்ளரி எல்லாம் இரண்டாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவை சுலபமாகக் கலப்பவை, கொஞ்சம் கை பழக வேண்டும்.

கடையில் வாங்கிய பாக்கெட் விதையில் வந்த காயிலிருந்து விதை எடுக்கலாமா?

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 'ஹைப்ரிட்' என்றோ 'எஃப்1' என்றோ இருந்தால் வேண்டாம். இரண்டு வேறு பெற்றோரைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை அது. அதன் விதையைப் போட்டால் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துபோகும். தொடக்கத்தில் எனக்கு இது தெரியாது. ஒரு கடையில் வாங்கிய தக்காளி நன்றாகக் காய்த்ததால் அதிலேயே விதை எடுத்தேன். மறு வருஷம் 6 செடி, 6 மாதிரி. ஒன்று குண்டு, ஒன்று நீளம், ஒன்றில் புளிப்பே இல்லை, இன்னொன்று காய்க்கவே இல்லை. கடைக்காரர் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பல்கலைக்கழக ரகங்கள் எல்லாமே ஹைப்ரிட் என்று பலர் நினைக்கிறார்கள். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 தக்காளி, கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் அருண் சிவப்புக் கீரை, ப்ரீதி பாகல், கௌமுதி புடலை இவையெல்லாம் ஹைப்ரிட் இல்லை, ரகங்கள்தான். கலக்காமல் பார்த்துக்கொண்டால் வருஷா வருஷம் விதை எடுக்கலாம். புளிப்பு மண்ணில் தக்காளி திடீரென்று வாடிச் சாகிறது என்று கேரளத்து உள்பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு அதே பல்கலைக்கழகத்தின் சக்தி என்ற தக்காளி நல்லது, அந்த வாடல் நோயைத் தாங்கும்.

எந்தக் காயை விதைக்கு விடுவது?

இருப்பதிலேயே நல்ல காயை. இதைச் சொல்வது சுலபம், செய்யும்போது கை வராது. ஏனென்றால் அந்தக் காய்தான் நம் கண்ணில் முதலில் பட்டு முதலில் சட்டிக்குப் போகிறது. மிஞ்சிக் கிடப்பதும், பறிக்க மறந்து முற்றிப்போனதும், பூச்சி விழுந்து யாரும் தொடாததும் விதையாகிவிடுகிறது. நாலு வருஷம் இப்படியே போனால் செடி தானாகவே சோப்ளாங்கி ஆகிவிடும்.

ஒருமுறை என் அண்ணன் சொல்லாமல் வந்துவிட்டார். அவசரத்தில் வெண்டைச் செடியில் பிஞ்சாக, நேராக, வரிசையாக நின்ற காய்களையெல்லாம் ஒடித்து வதக்கிவிட்டேன். அத்தை விதைக்கென்று 3 வாரமாகக் கண் வைத்திருந்த செடி அது. அன்றைக்கு அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் தன் பழைய சிவப்புச் சேலை ஒன்றை எடுத்து, விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒரு கொத்தாகத் திண்ணை ஆணியில் மாட்டி வைத்தார். அன்றிலிருந்து விதைக்கு விடும் காயின் காம்பில் ஒரு சிவப்புத் துணி. சின்னவள்கூடக் கேட்டுவிட்டுத்தான் பறிப்பாள்.

"ஆத்தா, இது சாப்புடறதுக்கா, விதைக்கா?"

"துணி கட்டியிருக்குதா பாரு அம்மிணி. கட்டியிருந்தா தொடாதே."

காயை மட்டும் பார்க்காதீர்கள், செடியைப் பாருங்கள். சீக்கிரம் காய்க்கத் தொடங்கியதா, கடைசி வரை காய்த்ததா, இலை சுருளாமல் நின்றதா என்று பார்க்க வேண்டும். வெண்டையில் நரம்பு மஞ்சளாகும் நோய் விதை வழியாகப் பரவாது, வெள்ளை ஈதான் பரப்பும். ஆனாலும் அந்த நோய் சுற்றிலும் வந்தபோது தாங்கி நின்ற செடியில்தான் நாங்கள் விதை எடுக்கிறோம். தட்டைப்பயறில் இலை தேமல் விழுந்து சுருண்ட கொடியில் எடுக்கவே கூடாது. அந்தத் தேமல் விதையோடு கூடவே வரும்.

இன்னொன்று. வெண்டையில் ஒரு காயை முற்ற விட்டால் செடி புதுக் காய் விடுவதைக் குறைத்துக்கொள்ளும். எல்லாச் செடியிலும் ஒவ்வொரு காய் விட்டால் சமையலுக்கும் குறையும், விதையும் தேறாது. நல்ல செடியாக 5, 6 பார்த்து அவற்றை விதைக்கே கொடுத்துவிடுங்கள். ஒரே செடியில் மொத்த விதையையும் எடுக்க வேண்டாம்.

பாகல் பக்கத்தில் சுரை போட்டால் சுரை கசக்கும் என்கிறார்களே?

கசக்காது. பாகலும் சுரையும் ஒன்றோடொன்று சேரவே சேராது. அதுபோலத்தான் அரசாணியும் வெள்ளைப்பூசணியும், சுரையும் புடலையும். ஒரே இனத்துக்குள்தான் கலப்பு. இரண்டு வகைச் சுரை, இரண்டு வகை அரசாணி பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தேனீ கலந்துவிடும். பீர்க்கையும் நுரைப்பீர்க்கையும் நெருங்கிய சொந்தம் என்பதால் சில சமயம் கலக்கும். சாலட் வெள்ளரியும், விஷுவுக்குத் தட்டில் வைக்கும் பொன்னிறக் கணி வெள்ளரியும் பெயரில்தான் ஒன்று, கலக்காது. ஆனால் கணி வெள்ளரி முலாம்பழத்தோடு கலக்கும். இரண்டும் ஒரே இனம்.

கலந்தாலும் அந்தக் கலப்பு இந்த வருஷக் காயின் சதையில் தெரியாது. காயின் சதை தாய்க்கொடியுடையது. உள்ளே இருக்கும் விதையில்தான் கலப்பு இருக்கும், அதை விதைத்தால் அடுத்த வருஷக் காயில் வெளியே வரும். மக்காச்சோளம் மட்டும் விதிவிலக்கு. நாம் தின்பதே அதன் விதை என்பதால் மஞ்சள் கதிரில் நடுநடுவே வேறு நிற மணி அப்போதே தெரிந்துவிடும். அதற்குக் காற்றே போதும், தேனீ வேண்டாம். எங்களைச் சுற்றி ஹைப்ரிட் மக்காச்சோளம் நிறைய. அவர்கள் விதைத்து 3, 4 வாரம் கழித்துத்தான் நாங்கள் விதைப்போம். பூ வரும் நாள் மாறிப்போகும்.

அப்படியானால் சில சுரைக்காய் கசப்பது ஏன்? கசந்தால் உப்பில் ஊறவைத்துச் சமைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். சுரைக்காய் கசந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். உப்பில் ஊறவைத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தி, பேதி, ரத்த வாந்தி வரை கொண்டுபோய்விடும். கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்தவர்கள் உண்டு. சாப்பிட்டுவிட்டு வயிறு புரட்டினால் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வெள்ளரி, அரசாணி, பீர்க்குக்கும் இதே விதிதான்.

காட்டுச் சுரையோடு கலந்த விதை ஒரு காரணம். சில சமயம் கொடி தண்ணீர் இல்லாமல் வாடித் தவித்தாலும் கசப்பு ஏறும். நறுக்கும்போதே சின்னத் துண்டு ஒன்றை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். விதை எடுப்பதற்கும் இதுதான் காவல். விதைக்கு விட்ட சுரை மரம் மாதிரி காய்ந்து நிற்கும், அதை ருசி பார்க்க முடியாது. அதனால் அதே கொடியில் ஒரு பிஞ்சைச் சமைத்துப் பார்த்து, கசப்பு இல்லை என்று தெரிந்த பிறகே சிவப்புத் துணி கட்டுவோம்.

கலக்காமல் காப்பது எப்படி? நமக்கு இருப்பதோ 5 சென்ட்.

ஒரு வருஷத்துக்கு ஓர் இனத்தில் ஒரே ரகம். சின்ன இடத்துக்கு அதுதான் வழி. ஆனால் பக்கத்து வீட்டுக் கொடியை நாம் தடுக்க முடியாது. அதற்குக் கையால் சேர்க்க வேண்டும். அரசாணியில் பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும், ஆண் பூ வெறும் காம்பில் நிற்கும். நாளைக்கு விரியப்போகும் மொட்டின் நுனி சாயங்காலமே மஞ்சளாகிவிடும். பெண் மொட்டில் ஒன்று, வேறு வேறு கொடியின் ஆண் மொட்டில் இரண்டு மூன்று பார்த்து, நுனியில் நூல் சுற்றிக் கட்டிவிடுங்கள். விடிந்ததும் 6, 7 மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழைப் பிய்த்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் உள்ளே மெதுவாகத் தடவ வேண்டும். மஞ்சள் பொடி ஒட்டுவது கண்ணுக்கே தெரியும். மறுபடி நூல் கட்டி, காம்பில் துணி கட்டினால் முடிந்தது.

சுரை வெள்ளையாகச் சாயங்காலம் பூக்கும், பீர்க்கையும் சாயங்காலம்தான். அவற்றுக்கு முதல் நாளே கட்டிவைத்து அந்தி நேரத்தில் செய்யுங்கள். எங்கள் வீட்டில் இந்த வேலை பெரியவனுடையது. எனக்குக் கை நடுங்கும், அவனுக்கு நடுங்காது.

எந்தக் காய், எவ்வளவு முற்ற வேண்டும்?

சமையலுக்கு ஆகாது என்னும் கட்டத்தையும் தாண்ட வேண்டும். வெண்டை செடியிலேயே காய்ந்து விளிம்பு வெடிக்கத் தொடங்கட்டும். கத்தரி மஞ்சளாகித் தொளதொளக்கும். தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மிதக்கும். பீர்க்கும் சுரையும் காய்ந்து உள்ளே விதை உருள வேண்டும். புடலை சிவக்கட்டும். பாகல் ஆரஞ்சு நிறமாகி வாய் பிளக்கும் முன் பறியுங்கள், பிளந்தால் குருவி கொண்டுபோகும். அதன் விதையைச் சுற்றிய சிவப்புச் சதை இனிக்கும், பிள்ளைகள் சப்புவார்கள். விதையை விழுங்காமல் பார்த்துக்கொண்டு, பிறகு சாம்பலில் தேய்த்துக் கழுவுங்கள்.

தக்காளி விதையைக் கழுவிக் காயவைத்தால் போதாதா?

போதாது. விதையைச் சுற்றி வழவழப்பாக ஒரு கூழ் இருக்கிறதே, முளைப்பைத் தடுப்பது அதுதான். பழுத்த பழத்தைக் கிண்ணத்தில் பிழிந்து, மூடாமல் மெல்லிய துணி போட்டு, நிழலில் வையுங்கள். எங்கள் ஊர்ச் சூட்டில் ஒன்றரை நாளில் மேலே வெள்ளை ஆடை கட்டி, புளித்த வாடை வரும். அதற்கு மேல் விட்டால் விதை அதிலேயே முளைத்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மிதப்பதைக் கொட்டி, அடியில் தங்கியதை அலசி எடுங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும், பீங்கான் தட்டில் பரப்புங்கள். விதை கழன்ற சதையை வீணாக்க வேண்டாம், புளிக்க விடும் முன்பே சதைப் பகுதியைத் தனியாக நறுக்கி ரசத்துக்கு எடுத்துவிடுவேன்.

காயவைப்பதும் பத்திரப்படுத்துவதும்?

உச்சி வெயில் வேண்டாம். காலை 10 மணி வரை, மறுபடி சாயங்காலம், நடுவில் நிழல். மூங்கில் முறமோ துணியோ நல்லது, தகரத் தட்டு சுட்டுவிடும். பயறை இரண்டு பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துப் பாருங்கள். பல் பதிந்தால் இன்னும் ஈரம், டக்கென்று உடைந்தால் சரி. விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதை ஆட்கள் வைத்திருக்கும் கணக்கு. வைக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தாலும் அதே மாதிரிதான். அதனால் பாட்டில் விலையை யோசிப்பதைவிட இன்னும் 2 நாள் காயவைப்பதை யோசியுங்கள்.

மழைக்காலத்தில் என்ன செய்வது என்றால், அடுப்புக்கு மேலே கயிற்றில் மக்காச்சோளக் கதிரும் காய்ந்த பீர்க்கையும் தொங்கும். கண்ணாடி பாட்டிலில் போடும்போது, நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசியைச் சின்னத் துணியில் முடிந்து கூடவே போடுவேன். மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். அத்தை இன்னும் அரசாணி விதையைச் சாணத்தில் பதித்து வரட்டி தட்டிச் சுவரில் ஒட்டி வைக்கிறார். பட்டம் வந்ததும் வரட்டியை உடைத்து அப்படியே குழியில் போடுவார். என் பாட்டில் விதைக்கும் அவர் வரட்டி விதைக்கும் முளைப்பில் நான் வித்தியாசம் பார்க்கவில்லை.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்த உடனே மூடியைத் திறக்காதீர்கள். பாட்டில் அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துவிடும்.

பயறில் வண்டு எப்படித்தான் வருகிறது?

காட்டிலிருந்தே வருகிறது. வண்டு வயலில் நிற்கும் காயின் மேலேயே முட்டையிட்டுவிடும். நாம் டப்பாவில் போட்டு மூடிய பிறகு உள்ளே பொரித்துப் பெருகும். எங்கள் 4 கிலோ மொச்சை ஒரு பங்குனியில் முழுக்க ஓட்டையாகிப் போனது. திறந்தபோது அத்தனையும் மாவு. அதற்குப் பிறகு கிலோவுக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் கொட்டமுத்து (ஆமணக்கு) எண்ணெய் விட்டுப் பிசிறி வைக்கிறோம். சலித்த அடுப்புச் சாம்பலில் பயறு மூழ்கும்படி வைப்பதும் நன்றாக வேலை செய்கிறது. வேப்பிலை, நொச்சி, வசம்புத்தூளும் போடலாம். நன்றாகக் காய்ந்த பயறை ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுத்தாலும் முட்டை செத்துவிடும். ஈரமாக இருந்தால் விதையும் சேர்ந்து சாகும், கவனம்.

விதைக்கும் முன் முளைக்குமா என்று எப்படித் தெரியும்?

ஈரத்துணியில் 10 விதையை முடிந்து வையுங்கள். 7 நாளில் 8 முளைத்தால் நல்லது. 5 என்றால் இரட்டிப்பாகப் போடுங்கள். 3 என்றால் யாரிடமாவது புது விதை கேளுங்கள். மிளகாய்க்கு 2 வாரம் பொறுக்க வேண்டும். மாரியம்மன் நோன்புக்குப் போடும் முளைப்பாரியும் ஒருவகையில் இதே சோதனைதான். வீட்டு விதையையே அதற்குப் போட்டால் அந்த வருஷ விதையின் லட்சணம் தெரிந்துவிடும். வெங்காய விதை ஒரு வருஷத்துக்கு மேல் நம்பாதீர்கள். வெண்டை 2 வருஷம், தக்காளியும் கத்தரியும் 4 வருஷம் வரை தாங்கும்.

எங்கள் ஊர் கேரளத்தில். தமிழ்ப் பட்டமா, ஞாற்றுவேலையா, எதைப் பார்ப்பது?

இரண்டையும்தான். அத்தை "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார். பக்கத்து வீட்டுச் சேச்சி திருவாதிரை ஞாற்றுவேலைக்குக் காத்திருப்பார். வருஷத்தை 27 நட்சத்திரத்துக்குப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 13, 14 நாள் என்பது ஞாற்றுவேலைக் கணக்கு. திருவாதிரை ஜூன் 22 வாக்கில் தொடங்கும். மலைப்பக்கத்தில் மிளகுக்கொடி நடுவது அப்போதுதான். ஆனால் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்தில், வடகரப்பதி, எருத்தேம்பதி எல்லாம், கேரளத்தின் மற்ற இடம் மாதிரி மழை கொட்டாது. மழைக்குப் பதில் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றில் உயரப் பந்தல் நிற்காது. நாங்கள் பந்தலை இடுப்பளவுக்கு மேல் போடுவதில்லை. காற்று வரும் மேற்குப் பக்கம் ஆள் உயரத்துக்குச் சோளம் விதைத்து வேலியாக்குகிறோம்.

ஆடியில் போட்ட அவரை புரட்டாசி வரை இலையாகவே ஓடுகிறது. பூக்கவே இல்லையே?

பிடுங்கிவிடாதீர்கள். பழைய நாட்டு அவரையும் மொச்சையும் பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். கார்த்திகையில் பூ, மார்கழி, தையில் காய். பொங்கலுக்கு மொச்சை கேட்பதே அதனால்தான்.

விதை கேட்கும்போது பெயரில் குழம்பிவிடுகிறது.

எல்லையில் எல்லோருக்கும் இதுதான். நாங்கள் அரசாணி என்பதை மெட்ராஸ்காரர்கள் பரங்கி, பூசணி என்பார்கள், மலையாளத்தில் மத்தன். வெள்ளைப்பூசணி அங்கே கும்பளம். கொள்ளு முதிர, பீர்க்கு பீச்சிங்கா, அவரை அமர, காய்ந்த சிவப்புத் தட்டைப்பயறு வன்பயறு. பெயரைக் கேட்டு வாங்காதீர்கள், முடிந்தால் காயைக் காட்டச் சொல்லுங்கள்.

பச்சையாக உரித்த பயறில் என்ன சமைக்கலாம்?

கடையில் கிடைக்காத ருசி இது ஒன்றில்தான் இருக்கிறது. தோல் மஞ்சளாகி, விதை இன்னும் ஈரமாக, நகம் இறங்கும் பதத்தில் தட்டைப்பயறை உரித்தால் ஊறவைக்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் அதில் அரிசிம்பருப்பு செய்வோம். 1 டம்ளர் அரிசி, அரை டம்ளர் பச்சைப் பயறு, ஒரு பிடி துவரம்பருப்பு. எண்ணெயில் சீரகம், வரமிளகாய் 2, கறிவேப்பிலை தாளித்து, 10 சின்ன வெங்காயமும் 5 பல் பூண்டும் வதக்கி, ஒரு தக்காளி, மஞ்சள்தூள், கொஞ்சம் மிளகுத்தூள். பிறகு பயறைப் போட்டு ஒரு பிரட்டு பிரட்டி, 3 டம்ளர் தண்ணீர், உப்பு, கழுவிய அரிசி பருப்பு. குக்கரில் 3 விசில். திறந்ததும் ஒரு கரண்டி நெய். தயிர் போதும், வேறு தொட்டுக்கொள்ள வேண்டாம். அரிசி குழைந்து பயறு முழுசாக நிற்க வேண்டும். பயறும் குழைந்துவிட்டால் உரித்தது பிஞ்சு என்று அர்த்தம்.

காய்ந்த வன்பயறுக்கு ஓலன். சேச்சி சொல்லிக் கொடுத்தது. வேகவைத்த பயறும், மெலிதாகச் சீவிய கும்பளங்காயும், கீறிய பச்சைமிளகாயும் வெந்ததும் தேங்காய்ப்பால் விட்டு, கொதிக்கும் முன் இறக்கி, மேலே பச்சைத் தேங்காயெண்ணெய், கறிவேப்பிலை. மசாலா எதுவும் சேர்க்காததால் பயறு பழசா புதுசா என்பது வாயில் வைத்ததும் தெரியும். இந்த வருஷப் பயறு சீக்கிரம் வெந்து மாவாக இருக்கும். 2 வருஷம் ஆனது எவ்வளவு விசில் விட்டாலும் நறுக்கென்றுதான் இருக்கும்.

விதைத்தது போக மிஞ்சிய விதையைச் சமைக்கலாமா?

நீங்களே எடுத்து, சாம்பலிலோ எண்ணெயிலோ வைத்தது என்றால் நன்றாகக் கழுவிச் சமைக்கலாம். பாக்கெட்டில் வந்த விதையை ஒருபோதும் சமைக்காதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள். இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் இருந்தால் பூஞ்சை மருந்து கலந்திருக்கிறது என்று அர்த்தம். சாயம் கழுவினால் போகும், மருந்து போகாது. எங்கள் வீட்டில் விதை அலமாரியும் மளிகை அலமாரியும் வேறு வேறு அறையில்.

அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மல்லி, வெந்தயம், கடுகு முளைக்குமா?

பெரும்பாலும் முளைக்கும், வறுக்காமல் இருந்தால். மல்லியின் ஒரு உருண்டைக்குள் இரண்டு விதை. செருப்படியில் வைத்து லேசாகத் தேய்த்தால் இரண்டாகப் பிளக்கும், அப்படி விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் போடுங்கள். பாதியைக் கீரையாகக் கிள்ளி, பாதியைப் பூக்க விட்டால் தையில் நம் மல்லியே சாம்பார் பொடிக்கு வரும். பூத்து நிற்கும் மல்லிப் பாத்தியில் மற்ற பூச்சிகளைத் தின்னும் சின்னக் குளவிகள் வந்து உட்காரும், அது கத்தரிக்கும் நல்லது.

பலாக்கொட்டையையும் விதையாகப் பாட்டிலில் வைக்கலாமா?

முடியாது. பலா, மா விதைகள் காய்ந்தால் செத்துவிடும். பழம் தின்ற வாரமே நட்டுவிடுங்கள். சமையலுக்கு வைப்பதானால் செம்மண் குழைத்துப் பூசியோ மணலில் புதைத்தோ வைத்தால் சில மாதம் தாங்கும். பச்சை மாங்காயும் பலாக்கொட்டையும் போட்டு, தேங்காய், சீரகம் அரைத்து விட்ட குழம்பு எங்கள் பக்கத்தில் வைகாசி முழுக்க உண்டு.

கணி வெள்ளரி விதையை எப்போது எடுப்பது?

விஷு முடிந்த பிறகு. எங்களுக்குச் சித்திரைக் கனி, சேச்சிக்கு விஷுக்கணி, இரண்டு வீட்டுத் தட்டிலும் அதே பொன்னிற வெள்ளரி. ஏப்ரல் 14க்குப் பழுக்க வேண்டும் என்றால் தை கடைசி, மாசி முதலில் விதைத்துவிட வேண்டும், 60 நாளுக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். கனி பார்த்த பிறகு ஒரு வாரம் பத்து நாள் வீட்டிலேயே இருக்கட்டும், உள்ளே விதை இன்னும் திரளும். பிறகு நெடுக்காகப் பிளந்து, விதையைச் சாம்பலில் பிசிறி எடுத்துவிட்டு, சதையை மாங்காயோடு மோர்க்கறி வையுங்கள். ஒரு காயில் சாமிக்கும் சமையலுக்கும் விதைக்கும் ஆகிவிடும்.

நெல் விதையும் வீட்டில் வைக்க முடியுமா?

நெல் தன் மகரந்தத்தையே பெரும்பாலும் ஏற்பதால் காப்பது சுலபம், இடம்தான் வேண்டும். நாங்கள் 2 சென்டில் நவரை என்ற நெல் வகையை மட்டும் போடுகிறோம், கர்க்கடக (ஆடி) மாதக் கஞ்சிக்காக. வயநாட்டில் செருவயல் ராமன் என்ற குறிச்சியர் சமூகத்துப் பெரியவர் 50க்கும் மேற்பட்ட நெல் வகைகளைத் தன் வயலிலேயே விதைத்துக் காத்து வருகிறார். 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பிள்ளைகளிடம் அவர் பெயரை அடிக்கடி சொல்வேன்.

விதையை மற்றவர்களுக்குக் கொடுக்கச் சட்டத்தில் தடை உண்டா?

இல்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை முத்திரைப் பெயர் போட்ட பாக்கெட்டாக விற்கத்தான் கூடாது. எங்கள் வீட்டில் ஒரு பிடி வாங்கினால் விளைந்ததும் இரண்டு பிடி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அத்தை வைத்த வழக்கம். ஒரு வருஷம் எங்கள் அவரை முழுக்கக் கருகிப்போனது. ஆனைமலையில் இருக்கும் நாத்தனாரிடம் எங்கள் விதையே இருந்ததால்தான் திரும்ப வந்தது.

பிள்ளைகளை இதில் எப்படி ஈடுபடுத்துவது?

வேலை என்று கொடுக்காமல் பொறுப்பு என்று கொடுங்கள். பெரியவனுக்கு அரசாணி, சின்னவளுக்கு உறை எழுதுவது. அவள் தமிழில் ஒரு வரி, மலையாளத்தில் ஒரு வரி எழுதுவாள், சேச்சி வீட்டிலும் படிக்க வேண்டுமே. என்ன காய், யார் செடி, எந்த மாதம், சாப்பிட்டபோது எப்படி இருந்தது, இந்த நான்கும் உறையில் இருக்க வேண்டும். ருசியை எழுதச் சொன்ன பிறகுதான் அவள் காய்கறியை ஒதுக்காமல் தின்று பார்க்கத் தொடங்கினாள். போன வாரம் எழுதிய உறை அலமாரியில் முன்னால் இருக்கிறது: "வெண்டை. 8 பட்டை. ஆத்தா செடி. தை மாதம். வழவழப்பு கம்மி, மோர்க்குழம்புக்கு நல்லா இருந்துச்சு. 40 விதை. மாமாவுக்கு 10."